புற்றுநோயிலிருந்து மீண்ட சிறுமியும் நமது பிள்ளைகளுக்கான நம்பிக்கையும்

புற்றுநோய் என்ற சொல்லை வாய்விட்டுக் கூறுவதற்கே நமது சமூகங்களில் இன்னும் தயக்கம் நிலவுகின்றது. 'அந்த வருத்தம்', 'பெரிய வருத்தம்' என்று சுற்றிவளைத்தே அது குறிப்பிடப்படுகிறது. வயோதிபர் ஒருவருக்கு அந்நோய் ஏற்பட்டால் அதனை ஒருவாறு ஏற்றுக்கொள்ளும் குடும்பம், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதே நோய் எனக் கேள்வியுற்றதும் நிலைகுலைந்து போகிறது. பிள்ளை பிழைக்காது என்ற முடிவுக்கு உறவினர்கள் வைத்தியரை முந்திக்கொண்டு வந்துவிடுகின்றனர். ஆயின், சிறுவரைப் பீடிக்கும் புற்றுநோய்கள் பல, வளர்ந்தோரைப் பீடிப்பவற்றைக் காட்டிலும் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படக்கூடியவை என்பதே கடந்த முக்கால் நூற்றாண்டில் மருத்துவ உலகம் கண்டறிந்த உண்மையாகும். இவ்வுண்மை நம்மிடையே போதியளவு பரவாமையினால் ஏற்படும் இழப்பு பிள்ளைகளின் உயிர்களாகவே கணக்கிடப்பட வேண்டியுள்ளது.

சிறுவர் புற்றுநோய் பற்றிப் பேசப்படும்போதெல்லாம் உலகம் அண்மைக்காலமாக நினைவுகூரும் பெயர் எமிலி வைட்ஹெட் என்பதாகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2005 ஆம் ஆண்டு மே 2 ஆம் திகதி பிறந்த இச்சிறுமிக்கு 2010 இல், ஐந்தாவது வயதில், குருதிப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிறுவரிடையே மிக அதிகமாகக் காணப்படும் 'அக்யூட் லிம்போபிளாஸ்ரிக் லியூக்கேமியா' எனும் வகை அது. செல்வந்த நாடுகளில் இந்நோய்க்கு ஆளாகும் பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேரளவில் குணமடைகின்றனர். எமிலியோ அந்தப் பத்தாவது பிள்ளையாக இருந்தார். வழமையான சிகிச்சையின் பின்னர் 2011 ஒக்டோபரில் நோய் மீண்டது. 2012 இன் தொடக்கத்தில் மறுபடியும் தலைகாட்டியது. என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையை மேற்கொள்ளவும் வழியற்றுப் போன நிலையில், அதுவரை எந்தச் சிறுவருக்கும் செய்து பார்க்கப்படாத ஒரு பரிசோதனைச் சிகிச்சைக்குப் பெற்றோர் இணங்கினர்.

அச்சிகிச்சையின் தத்துவம் எளிமையானது, செயல்முறையே கடினமானது. நமது உடலில் நோயை எதிர்த்துப் போரிடும் வெண்குருதிக் கலங்களுள் ரி கலங்கள் ஒருவகை. புற்றுநோய்க் கலம் உடலின் சொந்தக் கலத்தைப் போன்றே தோற்றமளிப்பதால் இவை அதனை எதிரியென அடையாளம் காண்பதில்லை. எனவே நோயாளியின் ரி கலங்களை வெளியே எடுத்து, ஆய்வுகூடத்தில் அவற்றினுள் புதியதொரு பரம்பரை அலகைச் செலுத்தி, புற்றுநோய்க் கலத்தின் மேற்பரப்பிலுள்ள 'சீ.டி.19' எனும் புரதத்தை அடையாளம் காணும் ஆற்றலை அவற்றுக்கு வழங்குகின்றனர். பின்னர் அவற்றை உடலினுள் மீளச் செலுத்துகின்றனர். இந்தப் பரம்பரை அலகைச் சுமந்துசெல்லும் வாகனமாகப் பயன்பட்டது, நோயேற்படுத்தும் தன்மை அகற்றப்பட்ட எச்.ஐ.வி. வைரசிலிருந்து உருவாக்கப்பட்டது என்பது பலரைத் திடுக்கிடச் செய்யக்கூடும். உலகை அச்சுறுத்திய ஒரு கிருமி, ஒரு சிறுமியின் உயிர்காக்கும் கருவியாயிற்று.

2012 ஏப்ரல் 17 ஆம் திகதி பிலடெல்பியா சிறுவர் வைத்தியசாலையில் இக்கலங்கள் எமிலிக்கு ஏற்றப்பட்டன. அடுத்த சில நாட்களில் அவரது நிலை மோசமடைந்தது. கடுங்காய்ச்சல் கண்டு, குருதியமுக்கம் வீழ்ந்து, செயற்கைச் சுவாசத்தின் துணையோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தப்பட்டார். செலுத்தப்பட்ட கலங்கள் தமது போரைத் தொடங்கிவிட்டன. ஆனால் அப்போரின் வெப்பத்தைச் சிறுமியின் உடலால் தாங்க முடியவில்லை. குருதிப் பரிசோதனையில் 'இன்ரலூக்கின்-6' எனும் பொருள் அளவுகடந்து உயர்ந்திருப்பது தெரியவந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இவ்வாராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுபராயத்திலிருந்தே மூட்டுவாதம் இருந்தது. அந்நோய்க்கெனப் பாவனைக்கு வந்திருந்த 'ரொசிலிசுமாப்' எனும் மருந்து இதே பொருளின் தாக்கத்தைத் தடுக்கவல்லது என்பதை அவர் அதன் மூலமே அறிந்திருந்தார். எமிலிக்குச் சிகிச்சையளித்த ஸ்டீபன் குரூப் அதனைச் செலுத்தினார். சில மணித்தியாலங்களில் காய்ச்சல் தணியத் தொடங்கியது. எமிலி கண்விழித்த நாள் மே 2. அவரது ஏழாவது பிறந்தநாள். மே 10 ஆம் திகதி, அவரது உடலில் புற்றுநோய் காணப்படவில்லை என வைத்தியர்கள் அறிவித்தனர். 2022 இல் பத்து ஆண்டுகள் நோயற்ற வாழ்வை அவர் பூர்த்தி செய்தபோது அச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது.

மகளின் கதையை அவரது பெற்றோர் 2020 இல் நூலாக வெளியிட்டனர். அதன் தலைப்பிலேயே பிரார்த்தனை என்ற சொல் இடம்பெற்றிருந்தது. கோயிலில் நேர்த்தி வைக்கும் தாய்க்கும் தொழுகையின் பின் துஆக் கேட்கும் தந்தைக்கும் இதில் அந்நியமானது எதுவுமில்லை. பிரார்த்தித்த அப்பெற்றோர் சிகிச்சையைக் கைவிடவில்லை என்பதையும் சேர்த்தே கவனித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் இக்கதையின் மறுபக்கத்தையும் கூறாதுவிடுவது நேர்மையாகாது. எமிலியைப் பற்றிய மருத்துவ அறிக்கை 2013 இல் வெளியானபோது அதில் இரு பிள்ளைகள் இடம்பெற்றிருந்தனர். மற்றப் பிள்ளைக்கும் முதலில் நோய் மறைந்தது. ஆனால் சுமார் இரு மாதங்களில், 'சீ.டி.19' புரதத்தைக் களைந்துவிட்ட புற்றுநோய்க் கலங்களோடு அது திரும்பி வந்தது. அடையாளத்தை அகற்றிவிட்ட எதிரியைப் பயிற்றப்பட்ட படையினால் காண முடியவில்லை. 2018 இல் வெளியான பெரியதொரு ஆய்வில், இச்சிகிச்சை பெற்ற 75 பேருள் 81 வீதமானோருக்கு மூன்று மாதங்களுக்குள் நோய் மறைந்தபோதிலும், ஓராண்டின் பின்னர் நோய் மீளாதிருந்தோர் ஏறத்தாழ அரைவாசியினரே. ஏனைய வழிகள் யாவும் அடைபட்ட பிள்ளைகளுள் அரைவாசிப் பேர் என்பது மிகப் பெரிய முன்னேற்றம்தான். எனினும் அற்புதம் என்ற சொல் அதற்குப் பொருந்தாது.

விலையும் சாதாரணமானதன்று. 2017 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு அங்கீகாரம் வழங்கியபோது ஒரு நோயாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட தொகை 475,000 டொலராகும். இந்தியாவில் மும்பை ஐ.ஐ.ரி. நிறுவனமும் டாட்டா நினைவு வைத்தியசாலையும் கூட்டாக உருவாக்கி 2023 ஒக்டோபரில் அங்கீகாரம் பெற்ற சிகிச்சை, அத்தொகையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கிற்குக் கிடைக்கிறது. கடலுக்கு அப்பால் மும்பையில் இது சாத்தியமாகியிருப்பது நமக்கும் நற்செய்தியே. ஆயினும் இச்சிகிச்சையை நோக்கி ஏங்குவது மட்டுமே நமது நம்பிக்கையாகிவிடுமாயின், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை நாம் தவறவிட்டவர்களாவோம். எமிலியைப் போன்ற பத்தாவது பிள்ளைக்குத்தான் இப்புதிய சிகிச்சை. முதல் ஒன்பது பிள்ளைகளைக் காப்பாற்றுபவை பழைய மருந்துகள். அவற்றின் வரலாறு நமது பிரதேசத்தோடும் தொடர்புடையது.

நமது வீடுகளில் பாணில் பூசியும் வெந்நீரில் கரைத்தும் உட்கொள்ளும் மாமைட்டிலிருந்தே அந்த வரலாற்றைத் தொடங்கலாம். லூசி வில்ஸ் எனும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணிகளைப் பாதித்த குருதிச்சோகையை ஆராய்ந்து, மாமைட் அதனைக் குணப்படுத்துவதை 1931 இல் வெளிப்படுத்தினார். இலங்கையை 1934, 35 காலப்பகுதியில் மலேரியா சூறையாடியபோது, போசாக்கின்றித் தவித்த கிராமத்தவருக்குச் சூரியமல் இயக்கத்தினர் மாமைட் வழங்கியதும் பதிவாகியுள்ளது. மாமைட்டில் அடங்கியிருந்த அந்தச் சத்தே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயரிடப்பட்டது. குருதிக் கலங்கள் பெருகுவதற்கு அது இன்றியமையாதது.

பொஸ்டன் நகரில் சிறுவர் நோயியல் வைத்தியராக விளங்கிய சிட்னி பாபர், குருதி சம்பந்தப்பட்ட நோய்க்கு இச்சத்து உதவக்கூடும் எனக் கருதிக் குருதிப் புற்றுநோயுற்ற பிள்ளைகளுக்கு அதனைக் கொடுத்தார். நோய் தணியாது வேகமாக வளர்ந்தது. புற்றுநோய்க் கலங்களும் இச்சத்தை உண்டே பெருகுகின்றன என்பதை அத்தோல்வியிலிருந்து அவர் ஊகித்தார். அவ்வாறாயின், போலிக் அமிலத்தைப் போன்ற தோற்றமுடைய, ஆனால் பயன்படாத ஒரு பொருளைக் கொடுத்துக் கலங்களை ஏமாற்றினால் என்ன? 'அமினோப்ரெறின்' எனும் அத்தகைய பொருளை லெடலி நிறுவனத்தின் ஆய்வுகூடம் உருவாக்கியிருந்தது. அவ்வாய்வுக்குத் தலைமை தாங்கியவர் யெல்லபிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். சத்தினை உறிஞ்சவிடாத வயிற்று நோயொன்றுக்குத் தம் சகோதரரைப் பறிகொடுத்தவர். 1948 ஜூனில் பாபர் தமது முடிவுகளை வெளியிட்டார். 16 பிள்ளைகளுள் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. அதுவரை சில மாதங்களுக்குள் மரணத்தையே முடிவாகக் கொண்டிருந்த நோய் அது. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. தென்னாசியாவின் பாடநூல்களில்கூட அவருக்கு உரிய இடம் வழங்கப்படாதிருப்பது வியப்புக்குரியது. அமினோப்ரெறினின் நெருங்கிய உறவான 'மெதோட்ரெக்சேற்' இன்றும் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பாகத் திகழ்கிறது.

மற்றொரு மருந்து நமது வேலியோரத்தில் பூக்கிறது. பட்டிப்பூ என்றும் நித்தியகல்யாணி என்றும் வழங்கப்படும் செடியின் இலைகள் நீரிழிவுக்கு உதவுமா எனக் கனடாவில் 1950 களில் ஆராய்ந்தனர். நீரிழிவுக்கு அவை உதவவில்லை. ஆனால் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. அதே செடியிலிருந்து பெறப்பட்ட 'வின்கிறிஸ்ரின்' 1963 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டிலே, லெபனானியக் குடியேறிகளின் மகனான டானி தோமஸ் எனும் மேடைக் கலைஞர், மெம்பிஸ் நகரில் சென்ற் ஜூட் சிறுவர் வைத்தியசாலையைத் திறந்துவைத்திருந்தார். அங்கு டொனால்ட் பிங்கெல் என்பவர் மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கும் வழமையைக் கைவிட்டு, பலவற்றை ஒருங்கே கொடுத்து, மூளையையும் முள்ளந்தண்டையும் சூழ்ந்த திரவத்தினுள் ஒளிந்துகொள்ளும் கலங்களுக்கும் முன்கூட்டியே சிகிச்சையளித்தார். 1960 களின் பிற்பகுதியில் அவர் சிகிச்சையளித்த பிள்ளைகளுள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் நிரந்தரமாகக் குணமடைந்தனர். இன்று எட்டப்பட்டிருக்கும் 90 வீதத்தில் பெரும்பகுதி, இதே பழைய மருந்துகளை எந்த அளவில், எந்த ஒழுங்கில், எவ்வளவு காலம் கொடுப்பது என்பதைப் பொறுமையோடு கற்றுக்கொண்டதன் விளைவேயாகும்.

எவ்வளவு காலம் என்பதிலேதான் நமது பெற்றோர் முக்கியமாக அறியவேண்டிய விடயம் அடங்கியுள்ளது. நோய் கண்டறியப்படும் வேளையில் பிள்ளையின் உடலில் ஓர் இலட்சம் கோடியளவு புற்றுநோய்க் கலங்கள் இருக்கக்கூடும். முதல் மாதச் சிகிச்சையின் முடிவில் பெரும்பாலான பிள்ளைகளில் நோய் தணிந்துவிடுகிறது. நுணுக்குக்காட்டியில் எதுவும் தென்படாது. பிள்ளை ஓடியாடி விளையாடத் தொடங்கும், பசி எடுக்கும், உதிர்ந்த முடியும் காலப்போக்கில் முளைக்கும். ஆனால் அந்நிலையிலும் நூறு கோடிக் கலங்கள் வரை மறைந்திருக்க இடமுண்டு. நோய்த் தணிவு என்பது வேறு, குணமடைதல் என்பது வேறு. இடைப்பட்ட தூரத்தைக் கடப்பதற்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் செல்கின்றன. அதன் பெரும்பகுதி, வீட்டிலே தினமும் ஒரு குளிசையும் வாரந்தோறும் மற்றொரு குளிசையும் விழுங்குவதாகவே கழிகிறது. நோயின் அறிகுறி எதுவுமற்ற பிள்ளைக்கு, வாந்தியையும் சோர்வையும் ஏற்படுத்தக்கூடிய மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுக்குமாறு கூறினால் எந்தத் தாயின் மனமும் தளர்வடையும். 'பிள்ளைக்குச் சுகம் வந்துவிட்டது, இனி ஏன் இந்த நஞ்சு?' என்று கேட்பதற்குச் சுற்றத்தாரும் இருப்பார்கள். நாட்டு வைத்தியம் பார்க்கலாம் என்ற ஆலோசனையும் அவ்வேளையிலேயே வந்துசேரும்.

அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு 2015 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, நாளாந்தக் குளிசையை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நாட்களுக்குக் குறைவாக உட்கொண்ட பிள்ளைகளில் நோய் மீளும் ஆபத்து இரண்டரை மடங்கிற்கும் அதிகமாக இருந்ததைக் காட்டியது. மாதத்தில் இரு நாட்கள் தவறினாலே அந்த எல்லை கடக்கப்பட்டுவிடும். மீண்டுவரும் நோய் முன்னையதைவிடப் பிடிவாதமானது என்பதற்கு எமிலியே சான்று. பல கோடி ரூபாச் சிகிச்சை பற்றி நாடுகள் விவாதித்துக்கொண்டிருக்க, சில ரூபாக் குளிசை தவறுவதால் பிள்ளைகள் அதே படுகுழியை அடைகின்றனர்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் நான்கு இலட்சம் சிறுவரும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். செல்வந்த நாடுகளில் 80 வீதத்திற்கும் அதிகமானோர் குணமடைய, வறிய, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 வீதத்திற்கும் குறைவானோரே குணமடைகின்றனர். 2030 இல் இதனை எங்கும் குறைந்தது 60 வீதமாக உயர்த்துவதென 2018 இல் இலக்கொன்று வகுக்கப்பட்டது. இவ்விடைவெளிக்கு மருந்தின்மை மட்டும் காரணமன்று. நோயைக் காலந்தாழ்த்தி அறிவது, சிகிச்சையின்போது தொற்றும் கிருமிகளால் இறப்பது, சிகிச்சையை இடைநடுவில் கைவிடுவது ஆகியனவும் காரணங்கள்.

முதலாவதைப் பொறுத்தவரை, வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், காரணமின்றி வெளிறிப்போதல், அடிபடாமலே தோன்றும் கன்றல்கள், இரவில் பிள்ளையை எழுப்பிவிடும் எலும்பு நோவு, கழுத்திலோ வயிற்றிலோ வளரும் கட்டி, புகைப்படத்தில் கண்ணின் பாப்பா வெண்மையாகத் தெரிதல் என்பன உடனே வைத்தியரிடம் காட்டப்படவேண்டியவை. இவற்றுள் பெரும்பாலானவை சாதாரண நோய்களாலும் ஏற்படுபவையே. பதற்றம் தேவையில்லை, தாமதமும் கூடாது. இரண்டாவது, சிகிச்சை பெறும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அடுத்த தவணைத் திகதி வரை காத்திராமல் அந்த மணித்தியாலத்திலேயே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, இன்ன சிகிச்சை பெறும் பிள்ளை எனக் கூறவேண்டும். வெண்குருதிக் கலங்கள் குறைந்த உடலில் சாதாரண கிருமியும் ஓரிரவில் உயிரைப் பறிக்கவல்லது. புற்றுநோய் தொற்றுவதில்லை என்பதையும், பெரும்பாலான சிறுவர் புற்றுநோய்களுக்குக் காரணம் எதுவெனச் சுட்ட முடியாதென்பதையும் இங்கு கூறிவைத்தல் தகும். கர்ப்பகாலத்தில் எதை உண்டேன், யார் கண் பட்டது என்று தன்னைத்தானே வதைத்துக்கொள்ளும் தாய்மாருக்கு அது ஓரளவேனும் ஆறுதலாகலாம்.

நமது நாட்டில் இச்சிகிச்சை இலவசமாகவே வழங்கப்படுகிறது. மஹரகமவிலுள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலை இன்று அபேக்ஷா என்ற பெயரால் வழங்குகிறது. நம்பிக்கை என்பதே அதன் பொருள். அபேட்சை எனத் தமிழிலும் வழங்கிய வடசொல்தான் அது. தேர்தல் காலங்களில் அபேட்சகர்கள் அச்சொல்லின் மதிப்பைச் சற்றுக் குறைத்துவிட்டனர் என்பது வேறு விடயம். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பல்லாயிரம் பேர் பங்கேற்ற நடைபயணத்தில் திரட்டப்பட்ட நிதி தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையாயிற்று. 2016 இல் கதீஜா மன்றம் முன்னெடுத்த நிதிதிரட்டலில் இன, மத பேதமின்றி மக்கள் வழங்கிய பணம் மஹரகமவுக்குப் புற்றுநோயைக் கண்டறியும் நவீன 'பெற் ஸ்கேன்' இயந்திரத்தைப் பெற்றுக்கொடுத்தது. இந்நாட்டில் மக்கள் ஒருமனதாக நின்ற தருணங்களைப் பட்டியலிட்டால் இவ்விரண்டும் அதில் முன்வரிசையில் இடம்பெறும். 2022 பொருளாதார நெருக்கடியின்போது புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. ஒழுங்கு தவறாமையே உயிராக உள்ள சிகிச்சையில் மருந்துக் கொள்வனவில் ஏற்படும் ஒரு மாதத் தாமதத்திற்கு அரச கணக்கேடுகளில் பதிவில்லை.

மருந்து இலவசமாயினும் பாதை இலவசமன்று. சிறுவர் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையின் பெரும்பகுதி இன்றும் மஹரகமவையே சார்ந்திருக்கின்றது. முல்லைத்தீவிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ மலையகத் தோட்டமொன்றிலிருந்தோ ஒரு தாய் பிள்ளையோடு இரவு பஸ்ஸில் வந்திறங்குகிறாள் எனில், அவளது ஏனைய பிள்ளைகளை யார் பார்ப்பது, தந்தையின் நாட்கூலிக்கு என்ன வழி, சிகிச்சைக்கும் சிகிச்சைக்கும் இடைப்பட்ட நாட்களில் எங்கே தங்குவது என்பன யாவும் மருத்துவக் கேள்விகளேயாகும். தலைநகர வைத்தியசாலை விடுதிகளில் பக்கத்துக் கட்டில்காரரின் மொழிபெயர்ப்பை நம்பியே மருந்து கொடுக்கும் முறையை அறிந்துகொள்ளவேண்டிய நிலையில் தமிழ் பேசும் தாய்மார் பலர் உள்ளனர்.

இதற்குத் தீர்வு உண்டு என்பதை பிரேசிலின் வறிய வடகிழக்குப் பகுதியிலுள்ள ரெசீவே நகரம் நிரூபித்திருக்கிறது. அங்கு 1980 களில் குருதிப் புற்றுநோயுற்ற பிள்ளைகளுள் நோய் மீளாது ஐந்தாண்டுகளைக் கடந்தோர் 32 வீதத்தினர் மட்டுமே. ஆறிலொரு பிள்ளையின் சிகிச்சை இடைநடுவில் கைவிடப்பட்டது. சென்ற் ஜூட் வைத்தியசாலையின் ஒத்துழைப்போடு சிறுவருக்கெனத் தனியான பிரிவும் பயிற்றப்பட்ட தாதியரும் ஏற்பாடு செய்யப்பட்டதோடு, குடும்பங்களுக்குத் தங்குமிடமும் பயணச் செலவும் வழங்கப்பட்டன. தவணைக்கு வராத குடும்பங்கள் தேடித் தொடர்புகொள்ளப்பட்டன. 2002 ஆம் ஆண்டளவில் அந்த 32 வீதம் 63 வீதமாக உயர்ந்தது. சிகிச்சையைக் கைவிட்டோர் இருநூறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தனர். புதுமருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

நம்மிடம் குடும்ப நல உத்தியோகத்தர்கள் இருக்கின்றனர். கிராமத்தின் ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர்கள் அவர்கள். சிகிச்சை பெற்றுத் திரும்பும் பிள்ளையின் விபரமும் அடுத்த தவணைத் திகதியும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக அவர்களைச் சென்றடையுமானால், தவணை தவறிய மறுநாளே வாசலில் ஒருவர் நிற்பார். பள்ளிவாசல் நிர்வாகங்களின் ஸகாத் நிதியிலும் ஆலயங்களின் திருவிழா வரவுசெலவிலும் மஹரகமவுக்கான பஸ் கட்டணம் ஓர் இனமாகச் சேர்க்கப்படுவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. எமது மாவட்டங்களின் சுகாதாரப் பணிப்பாளர்கள், தத்தம் பிரதேசத்தில் தற்போது சிகிச்சையிலுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் கடந்த மாதத் தவணைக்குச் செல்லாதவர்கள் யார் யார் என்ற பட்டியலைத் தயாரிப்பதிலிருந்து இப்பணியை ஆரம்பிக்கலாம்.